புயல் கூண்டை இறக்கினால் புயல் நின்றுவிடுமா? மாரடைப்பு இரவில் 286 காட்டிய சர்க்கரை

துறைமுகத்து மகன் | திங்கள், இரவு 11.40

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 58. (வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இங்கே எல்லோருக்கும் புரியட்டும் என்று அப்பா.) காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை. மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அங்கே எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 14க்குள் எல்லா இன்ஜினும் ஓடியாக வேண்டும். இரவு பகல் கிடையாது, டீயும் பன்னும்தான் சாப்பாடு. போன புதன்கிழமை விடியற்காலையில், வேலை செய்துகொண்டிருந்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. அந்தச் சட்டையை அம்மா இன்னும் துவைக்கவில்லை.

ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். ஈசிஜி பார்த்ததுமே பெரிய அடைப்பு என்றார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைப்பைத் திறந்து, குழாயைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் கேள்வி வேறு. உள்ளே சேர்த்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 286. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சோதித்துப் பார்த்ததும் இல்லை, அது வேறு கதை. பணியில் இருந்த இளம் மருத்துவர், "அதிர்ச்சியில் ஏறியது, இறங்கிவிடும்" என்றார். மறுநாள் 170, அதற்கடுத்த நாள் 138. இறங்கிவிட்டது. டிஸ்சார்ஜ் தாளில் சர்க்கரை பற்றி ஒரு வரிகூட இல்லை.

பெரியப்பா, "286ஐ அன்றைக்கே நூறுக்கு இறக்கியிருக்க வேண்டும், விட்டுவிட்டார்கள்" என்று குதிக்கிறார். சித்தியோ, "அதுதான் தானாக இறங்கிவிட்டதே, இனி எதற்கு அந்தப் பேச்சு" என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

---

வெந்தயப் பிரியர் | திங்கள், இரவு 11.52

இரவு வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள். 286 என்ன, 400கூட இறங்கிவிடும். என் மாமனாருக்கு இறங்கியது.

---

கொருக்குப்பேட்டை கேட் | செவ்வாய், காலை 5.15

மாரடைப்பு வந்து ஒரு வாரம்கூட ஆகாதவருக்கு வெந்தயமா? உங்கள் மாமனாருக்கு வேறு மாத்திரை எதுவும் இல்லையா? எல்லா இழையிலும் வந்து இதையே ஊறவைக்கிறீர்கள்.

தம்பி, உன் சித்தி பேச்சைக் கேட்காதே. ஏன் என்று மாலையில் எழுதுகிறேன், இப்போது சவாரிக்குப் போக வேண்டும்.

---

சிசியூ அக்கா | செவ்வாய், காலை 9.30

தம்பி, நான் 22 ஆண்டுகள் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் வீட்டில் இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி.

இதயக் குழாய் அடைபட்டதும் உடம்பு உயிருக்குப் போராடத் தொடங்குகிறது. அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. கல்லீரல் தான் சேர்த்து வைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. அதே அட்ரினலின், இன்சுலின் சுரக்க விடாமல் கணையத்தின் கையையும் கட்டிப்போடுகிறது. ஆகவே சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் அந்த நேரத்தில் எண் ஏறும். அந்த இளம் மருத்துவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் "அதிர்ச்சியில் ஏறியது" என்றால் "அதில் ஒன்றும் இல்லை" என்று பொருள் இல்லை. நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எத்தனையாம் எண் என்றுதான் முதலில் கேட்போம். சேர்க்கும்போது காட்டும் சர்க்கரையும் அப்படித்தான். இதயத் தசை அடிபட்ட அளவு பெரிதாக இருந்தால் பெரும்பாலும் எண்ணும் பெரிதாக இருக்கும். 110 காட்டுகிறவரைவிட 286 காட்டுகிறவரை நாங்கள் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம். நாடித் துடிப்பு தடம் மாறுகிறதா, சிறுநீர் குறைகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று.

பெரியப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். கூண்டை இறக்கிவிட்டால் புயல் நின்றுவிடாது.

---

எண் பித்தன் | செவ்வாய், முற்பகல் 11.05

அக்கா சொன்னதற்கு எண்கள் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்கள் மாரடைப்போடு சேரும்போது, ஆய்வுக்கு ஆய்வு எல்லை மாறினாலும், 110 முதல் 144 என்ற வரம்பைத் தாண்டியிருந்தால் இறக்கும் ஆபத்து 3.9 மடங்கு. ஏற்கெனவே நோய் இருப்பவர்கள் 180ஐத் தாண்டியிருந்தால் 1.7 மடங்கு.

கவனித்தீர்களா? நோய் இல்லாதவருக்குத்தான் மடங்கு அதிகம். பத்து ஆண்டுகளாக 200லேயே நடமாடுகிறவருக்கு 220 பெரிய செய்தி இல்லை. வழக்கமாக 100 இருந்தவர் 220க்குத் தாவினால், அந்தத் தாவல்தான் செய்தி. அதோடு "இவருக்குத்தான் சர்க்கரை இல்லையே" என்று அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிடுவதும் நடக்கிறது.

ஆனால் அக்காவின் கூண்டு உவமையோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. கூண்டு தன் பங்குக்குப் படகைக் கவிழ்க்காது. சர்க்கரை அப்படியில்லை. அது உயர்ந்திருக்கும்போது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதிகமாக ஒட்டிக்கொள்கின்றன. பெரிய குழாயைத் திறந்துவிட்ட பிறகும் தசைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் ரத்தம் சரியாகப் பாயாமல் நிற்பது, சர்க்கரை உயர்ந்தவர்களிடம் அதிகம். எச்சரிக்கையும் அதுதான், கொஞ்சம் குற்றவாளியும் அதுதான்.

---

துறைமுகத்து மகன் | செவ்வாய், பகல் 1.20

அப்படியானால் பெரியப்பா சொல்வதும் சரிதானே? கொஞ்சமாவது குற்றவாளி என்றால் இறக்கத்தானே வேண்டும்?

---

எண் பித்தன் | செவ்வாய், பகல் 2.10

மருத்துவ உலகமும் இதையே நினைத்துத்தான் இறங்கிப் பார்த்தது.

1995இல் சுவீடனில் டிகாமி என்ற ஆய்வு. சர்க்கரை நோயோ, சேர்க்கும்போது சுமார் 200க்கு மேல் சர்க்கரையோ இருந்த 620 மாரடைப்பு நோயாளிகள். ஒரு பாதிக்கு இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து 24 மணி நேரம் சொட்டாக ஏற்றி, பிறகு மூன்று மாதமாவது ஊசி. இன்னொரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. ஓராண்டில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 18.6 சதவீதம், இரண்டாவதில் 26.1 சதவீதம். எல்லோரும் துள்ளினார்கள்.

2005இல் அதே குழு 1,253 பேரை வைத்து டிகாமி 2 நடத்தியது. வித்தியாசம் இல்லை. நியாயமாகச் சொன்னால், அந்த ஆய்வில் பிரிவுகளுக்கிடையே சர்க்கரை அளவே பெரிதாக வேறுபடவில்லை. எனவே "இறக்கினால் பயனில்லை" என்று அது நிரூபித்துவிட்டதாகவும் சொல்ல முடியாது.

பெரியப்பாவுக்கான பதில் 2009இல் வந்தது. நைஸ் சுகர் என்ற ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 6,104 பேர். மாரடைப்புக்காரர்கள் மட்டும் அல்ல, எல்லா வகையினரும். ஒரு பிரிவில் சர்க்கரையை 81 முதல் 108க்குள் கட்டி வைத்தார்கள், மற்றதில் 180க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டார்கள். 90 நாளில் இறந்தவர்கள், கட்டி வைத்த பிரிவில் 27.5 சதவீதம், விட்ட பிரிவில் 24.9. கடுமையான தாழ்சர்க்கரை, கட்டி வைத்த பிரிவில் 6.8 சதவீதம், விட்ட பிரிவில் 0.5. அதாவது "நூறுக்கு இறக்கு" என்ற பிடிவாதம் ஆளைக் கொன்றிருக்கிறது.

இன்றைய வழக்கம்: தொடர்ந்து 180ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்குவது, 140க்கும் 180க்கும் நடுவில் வைப்பது. உங்கள் அப்பாவுக்கு மறுநாள் 170 என்றால் அந்த மருத்துவமனை அந்த நேரத்தில் தவறு செய்யவில்லை.

---

சிசியூ அக்கா | செவ்வாய், மாலை 4.45

தம்பி பித்தன் எழுதிய 6.8 சதவீதத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை.

நைஸ் சுகர் முடிவுகள் வருவதற்கு முந்தைய காலம். இறுக்கிப் பிடிப்பதுதான் நல்லது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு தாத்தாவுக்கு இன்சுலின் சொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கொரு முறை விரல் குத்திப் பார்க்க வேண்டும். இரவு மூன்று மணிச் சுற்றில் இன்னொரு கட்டிலில் ஒருவருக்கு இதயம் நின்று நாங்கள் எல்லோரும் அங்கே ஓடிவிட்டோம். திரும்பி வந்து பார்த்தால் தாத்தா அமைதியாகப் படுத்திருக்கிறார். நடுக்கம் இல்லை, துடிப்பு 68. தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். தலையணையைச் சரிசெய்யக் கை வைத்தேன், தலையணை உறை பிழிந்தால் தண்ணீர் வரும்போல் நனைந்திருந்தது. விரல் குத்தினேன். 41.

அவருக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை கொடுத்திருந்தோம், மாரடைப்புக்காரர்கள் பலருக்கும் கொடுப்பதுதான். தாழ்சர்க்கரையின் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. அன்று முதல் இரவுச் சுற்றில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது தலையணையைத்தான். தாத்தா பிழைத்துவிட்டார். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்து, "எதற்கம்மா எழுப்பினாய்" என்று என்னைத் திட்டினார்.

---

பெரம்பூர் ரயில்வே | செவ்வாய், மாலை 6.00

இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை 1975இல் நம்முடைய பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான், டாக்டர் செரியன் கையால் நடந்தது. சர்க்கரைக்கென்று தனி மருத்துவமனையை டாக்டர் எம். விஸ்வநாதன் 1954இல் ராயபுரத்தில் தொடங்கினார். இதயம், சர்க்கரை இரண்டுக்கும் வடசென்னைதான் முன்னோடி. நம் பிள்ளைகளோ காய்ச்சல் வந்தாலும் பாலத்தைத் தாண்டித் தெற்கே ஓடுகிறார்கள்.

---

நெறியாளர் | செவ்வாய், மாலை 6.20

ஐயா, பெருமை சரிதான், அதைத் தனி இழையில் எழுதுங்கள். மற்றவர்கள் கவனத்துக்கு: மருந்தின் அளவை யாரும் இங்கே பரிந்துரைக்க வேண்டாம். வெந்தயப் பிரியரின் அடுத்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

கொருக்குப்பேட்டை கேட் | செவ்வாய், இரவு 9.50

காலையில் சொன்னது.

எனக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் ஆட்டோவை ரயில்வே கேட்டில் நிறுத்திக் காத்திருந்தேன். சரக்கு ரயில் ஒன்று போய், இன்னொன்று வருகிறது என்று கேட்டைத் திறக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கியது. நெஞ்சில் வலி துளியும் இல்லை. வியர்த்துக் கொட்டியது. வெயில் என்று நினைத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாதான், "அண்ணே, முகம் சாம்பல் பூத்துவிட்டது, எனக்குக் கட்டணமே வேண்டாம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். மறுநாள் ஈசிஜி எடுத்தபோது, "இது நேற்றே வந்த அட்டாக்" என்றார்கள்.

நீண்ட நாள் சர்க்கரையில் நரம்பு மரத்துப்போனால் இதய வலியும் தெரியாமல் போகும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கால் மரத்துப்போவது தெரியும், நெஞ்சும் மரத்துப்போகும் என்று யார் சொன்னார்கள்? இன்று என் இதயம் முக்கால் வேகத்தில்தான் ஓடுகிறது, மூன்றாவது மாடிக்கு ஏற முடியாது.

தம்பி, உன் அப்பாவுக்கு வலியாவது வந்தது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே விட்டால், அடுத்தது வரும்போது அந்த வலியும் இல்லாமல் போகலாம். சித்தியிடம் இதைப் படித்துக் காட்டு.

---

பரிசோதனைக்கூடக்காரன் | புதன், காலை 7.15

கேட் அண்ணன் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். 286 எதனால் வந்தது என்று அந்த 286ஐ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. புயலால் வந்ததா, ஏற்கெனவே இருந்த நோயா, இரண்டும் சேர்ந்ததா? பிரித்துப் பார்க்க எளிய வழி எச்பிஏ1சி, நம் மக்கள் மொழியில் மூன்று மாதச் சர்க்கரை. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது. ஒரு விடியற்காலை அதிர்ச்சியில் அது ஏறாது. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் மாரடைப்புக்கு முன்பே சர்க்கரை இருந்திருக்கிறது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. படுக்கையில் இருக்கும்போதே எடுத்திருக்கலாம், ஒரு சிறு குப்பி ரத்தம் போதும். எடுக்காததுதான் எனக்கு வருத்தம்.

இதிலும் கண்ணி உண்டு. ரத்தசோகை இருந்தாலோ, அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ எச்பிஏ1சி தவறாகக் காட்டும். எனவே ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

என் தொழிலில் பார்த்த இன்னொன்று. ஒருமுறை ஒருவருக்கு 540 வந்து எல்லோரும் பதறிவிட்டார்கள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த அதே கையில், ஊசிக்குச் சற்று மேலேயே ரத்தம் எடுத்திருந்தார்கள். மறு கையில் எடுத்தபோது 150. எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. சர்க்கரை சோதனைக்கான சாம்பல் மூடிக் குப்பியில் போடாமல் சாதாரணக் குப்பியில் ரத்தத்தை வெகுநேரம் வைத்திருந்தால், ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறையும். ரத்த அழுத்தம் விழுந்து விரல் சில்லிட்டுப்போனவருக்கு விரல் குத்திப் பார்ப்பதையும் நம்ப முடியாது. தாளில் இருக்கும் எண்ணோடு சண்டை போடும் முன் அது எந்தக் கையில், எந்தக் குப்பியில் எடுத்தது என்று கேட்பது என் வழக்கம். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

---

துறைமுகத்து மகன் | சனி, இரவு 8.30

எடுத்துவிட்டோம். எச்பிஏ1சி 6.3. ஹீமோகுளோபின் 13.8. சித்தி, "6.5க்குக் கீழேதானே" என்று கொடி பிடித்துவிட்டார். பெரியப்பா என்னோடு பேசுவதில்லை, நைஸ் சுகர் பற்றிச் சொன்னதிலிருந்து.

---

எண் பித்தன் | சனி, இரவு 9.15

சித்தி கொடியைக் கொஞ்சம் இறக்கி வைக்கட்டும். 2002இல் வந்த இன்னொரு சுவீடன் ஆய்வு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. "சர்க்கரை இல்லை" என்று நம்பிக்கொண்டு மாரடைப்போடு வந்த 181 பேருக்கு, வீடு திரும்பும்போது குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதித்தார்கள். 31 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35 சதவீதம் பேருக்கு வாசற்படி. அதிர்ச்சியாக இருக்கலாமே என்று மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்தார்கள். 25 சதவீதம், 40 சதவீதம். புயல் ஓய்ந்த பிறகும் மூன்றில் இரண்டு பேருக்குக் கோளாறு இருந்தது.

6.3 என்பது சந்தேகத்தின் பலனை அப்பாவுக்குக் கொடுக்கும் எண் இல்லை. ஆறு வாரமாவது போகட்டும், பிறகு மருத்துவரிடம் கேட்டு அந்தக் குளுக்கோஸ் சோதனையை எடுங்கள்.

---

மருந்துக்கடை மாடி | ஞாயிறு, காலை 10.00

இதைச் சோதிப்பதால் என்ன லாபம், எப்படியும் அதே இதய மாத்திரைகள்தானே என்று என் கடையில் பலர் கேட்பார்கள். லாபம் உண்டு. 2015இல் எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு வந்த பிறகு சர்க்கரை மருந்தைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறியது. இதய நோயும் சர்க்கரையும் சேர்ந்திருந்த 7,020 பேரில், அந்த மாத்திரை எடுத்தவர்களிடம் இதயக் கோளாறால் வரும் மரணம் 38 சதவீதம் குறைந்தது. சர்க்கரையை அது பெரிதாக ஒன்றும் இறக்கிவிடவில்லை, இதயத்தைத்தான் தாங்கிப் பிடித்தது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்துவிட்டது. முன்பு விலையைக் கேட்டுவிட்டுத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் இப்போது வாங்குகிறார்கள்.

ஆனால் வெயிலில் வேலை செய்கிறவர், வேளைக்குச் சாப்பிடாதவர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவது, கூடவே தண்ணீரும் போகும். பட்டினி கிடந்தால் வேறு சிக்கலும் வரும். நெறியாளர் முறைப்பதற்குள் நிறுத்திக்கொள்கிறேன்.

---

துறைமுகத்து மகன் | ஏழு வாரம் கழித்து, வியாழன், மாலை 5.10

தேடி எடுத்து இந்த இழையை மேலே கொண்டுவருகிறேன்.

நேற்று குளுக்கோஸ் சோதனை எடுத்தோம். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இதைவிட நம்ம கடை டீயில் சர்க்கரை அதிகம்" என்றார் அப்பா. பரிசோதனைக்கூடத்தில் இருந்த பெண் சிரிக்கவில்லை. வெறும் வயிற்றில் 104. இரண்டு மணி நேரம் கழித்து 214.

வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அனுப்பிவிட்டிருப்பார்கள்.

மருத்துவர் இன்னொரு நாள் எடுத்து உறுதி செய்துகொள்ளச் சொன்னார். சோதனை சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது, ஆனால் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா இரண்டு ஆண்டுகளாக இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்து போவாராம். "குளிர்காற்று, கடலோர வீடு, அதனால் என்று நினைத்தேன்" என்கிறார்.

அப்பா மீண்டும் துறைமுகத்துக்குப் போகிறார். ஸ்பானர் பிடிக்கவில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பையன்களைத் திட்டுவதோடு சரி.

---

கொருக்குப்பேட்டை கேட் | வியாழன், இரவு 10.20

சித்தி என்ன சொல்கிறார்?

---

துறைமுகத்து மகன் | வியாழன், இரவு 10.31

தனக்கும் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். எங்கே எடுப்பது, எத்தனை மணிக்குப் போவது என்று கேட்கச் சொன்னார். பெரியப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

---

பரிசோதனைக்கூடக்காரன் | வெள்ளி, காலை 5.50

எங்கே எடுத்தாலும் சரி, இரண்டு பேரும் இரவுச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் போகட்டும். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், நடுவில் வெளியே போய் டீ குடிக்கக் கூடாது. பெரியப்பாவுக்கு இதைத் தனியாக ஒருமுறை சொல்லுங்கள்.